'அப்புறம்' என்று ஒரு மெயில் பெட்டி

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவளைத் தேடி யாரும் சும்மா வருவதில்லை. ஏதோ ஒன்று ஓடவில்லை என்றால்தான் வருவார்கள், வரும்போதே அதைக் கெடுத்தது நான்தான் என்ற முகத்தோடு வருவார்கள். பேங்க், பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ் என்று எங்கே இந்தப் பிழைப்பு பார்த்தாலும் உங்களுக்கும் அந்த முகம் தெரிந்திருக்கும். ஆகவே சக பாவிகளே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் இருப்பது புதுக்கோட்டையில், திருக்கோகர்ணம் பக்கம் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில். தினமும் திருமயத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன். வீட்டில் வைத்த பெயர் ஜெயா, ஆஸ்பத்திரியில் வைத்த பெயர் சிஸ்டம்மா. இங்கே சொல்லப்போவதெல்லாம் நாங்கள் பழைய மெயிலை விட்டுவிட்டுப் புது மெயிலுக்கு மாறிய ஒரே வாரத்தில் நடந்தது.

அந்த வாரம் முழுக்க எங்கள் வாசல் செக்யூரிட்டி செல்லத்துரை அண்ணன் ஒரு மெயிலுக்காகக் காத்திருந்தார். அவர் மனைவி ராஜேஸ்வரிக்குக் கழுத்தில் ஒரு கட்டி. சோறு விழுங்கும்போது அழுத்துகிறது என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். அதில் ஊசி குத்தி எடுத்த சாம்பிள் திருச்சியில் உள்ள லேபுக்குப் போயிருந்தது. வெறும் கட்டிதான் என்று ரிப்போர்ட் வந்தால் வெள்ளிக்கிழமை எங்கள் பெரிய டாக்டரே ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவார். வேறு மாதிரி வந்தால் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த 'வேறு மாதிரி' என்ன என்பதைச் செல்லத்துரை அண்ணன் கடைசி வரை வாயால் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கரண்ட் போன மாதிரி ஒரு மெயில்

புது மெயிலுக்கு மாறியதற்குக் காரணம் ஒரு பூங்கொத்து. யாரோ அனுப்பியதாக ஒரு மெயில் வந்தது, அதில் அழகான பூங்கொத்துப் படம். ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவர் அதன் மேல் கிளிக் செய்தார். யார் என்று இன்று வரை ஒத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் நோயாளிகளின் விவரம் எல்லாம் பூட்டிக்கொண்டது. அதைத் திரும்ப உருவாக்க நாங்கள் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர் ஒரு சபதம் போட்டார். இனிமேல் இந்த ஆஸ்பத்திரிக்குள் வருகிற மெயிலில் படம் இருக்கக் கூடாது, கலர் இருக்கக் கூடாது, அமுக்குவதற்கு எதுவுமே இருக்கக் கூடாது.

அப்படி ஒரு மெயில் உண்டு. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். மவுஸ் வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் கீபோர்டில் ஒரு எழுத்து: ஒன்றை அமுக்கினால் மெயில் திறக்கும், ஒன்றை அமுக்கினால் தேடும், ஒன்றை அமுக்கினால் பிரிண்ட் ஆகும், ஒன்றை அமுக்கினால் வேறு பெட்டிக்குப் போய்விடும். எந்த எழுத்துக்கு எந்த வேலை என்று திரையின் அடியிலேயே ஒரு வரி ஓடும். நான் அதை எல்லாக் கம்ப்யூட்டரிலும் போட்டேன். ரிப்போர்ட்டைத் தனியாக இணைக்காமல் மெயிலுக்குள்ளேயே டைப் அடித்து அனுப்பச் சொல்லித் திருச்சி லேபிலும் பேசி முடித்தேன். எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்திருந்த நேரம் அது.

ரிசப்ஷனில் உட்காருகிறவர் தனலட்சுமி அக்கா. ரிப்போர்ட் வந்தால் பிரிண்ட் எடுத்து டாக்டருக்கு ஒன்று, வீட்டாருக்கு ஒன்று கொடுப்பது அவர்தான். இந்த ஆஸ்பத்திரி கட்டும்போது நட்ட வேப்பங்கன்றைத் தவிர அவரைவிட சீனியர் இங்கே யாரும் இல்லை. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ட்யூப் லைட் எரிகிறதா என்று அண்ணாந்து பார்த்தார். நான் அவர் மேஜையிலிருந்து மவுஸைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு கிளம்பியபோது சொன்னார்:

"மவுஸக் கழட்டிட்ட, சரி. இந்த வலது கைய என்ன பண்றது? அதையும் கழட்டிக்கிட்டுப் போயிரு ஜெயா."

எல்லாம் போச்சு

இந்த மெயிலில் தேடுவது ஒரு நல்ல வசதி. ஒரு வார்த்தையைக் கொடுத்தால் அந்த வார்த்தை இருக்கிற மெயில்களை மட்டும் திரையில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மறைத்துவிடும். வேலை முடிந்ததும் மறைத்ததைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அந்த இரண்டாம் பாதியைப் பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவர் முதல் பாதியிலேயே "புரிஞ்சிருச்சு, புரிஞ்சிருச்சு" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் போன் மேல் போன். ஓடிப்போய்ப் பார்த்தால் டாக்டர் ரூமே கலவரமாக இருந்தது. மெயில் எல்லாம் போய்விட்டதாம், மறுபடியும் எவனோ உள்ளே புகுந்துவிட்டானாம், திரையில் ஒரே ஒரு மெயில் மட்டும் மிச்சமாம். நர்ஸுகள் வாசலில் கூட்டமாக நின்றார்கள். அந்தக் கூட்டத்தின் பின்னால் காக்கிச் சட்டையோடு செல்லத்துரை அண்ணன். கேட்டை விட்டுவிட்டு வந்து நிற்கிறார், யாரும் அவரைக் கண்டிக்கவில்லை. அந்தப் பூங்கொத்து வாரத்தை இன்னொரு முறை பார்க்க என்னால் முடியாது.

அந்த ஒரு மெயில் ஏதோ கருத்தரங்கு அழைப்பு. டாக்டர் நேற்று அதைத் தேடியிருக்கிறார், கண்டுபிடித்துப் படித்திருக்கிறார், மற்றதைத் திரும்பக் கொண்டுவராமல் வீட்டுக்குப் போயிருக்கிறார். நான் ஒரு எழுத்தை அமுக்கினேன். மறைந்திருந்த மெயில் அத்தனையும் வரிசையாக வந்து நின்றது. டாக்டர் "ம்" என்று ஒரு சத்தம் மட்டும் கொடுத்துவிட்டு ஸ்டெதாஸ்கோப்பைத் தேட ஆரம்பித்தார். கூட்டம் கலைந்தது. செல்லத்துரை அண்ணன் மட்டும் கலையவில்லை. என்னோடு நடந்துவந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அப்ப எங்க வீட்டு மெயிலும் வந்து, இப்புடி எங்கிட்டாச்சும் ஒளிஞ்சு கெடக்குமாம்மா? செத்த நல்லாப் பாருங்க."

கட்டுக் காகிதம்

பாவிகளே, பிரிண்டர் என்ற ஜென்மத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த முறை பிரிண்டர் மேல் தப்பில்லை.

ஒவ்வொரு மெயிலின் தலையிலும் அது எந்தெந்த சர்வர் வழியாக, எத்தனை மணிக்குப் புறப்பட்டு, எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்ற சரித்திரம் ஒட்டிக்கொண்டு வரும். சாதாரண மெயிலில் அதை யாரும் பார்க்க மாட்டார்கள். புது மெயில் ரொம்ப நேர்மையானது, அத்தனையையும் அச்சடித்துக் கையில் கொடுத்தது. லேபிலிருந்து வந்த முதல் ரிப்போர்ட் ஒரு பெரியவருடைய சர்க்கரை ரிப்போர்ட். இரண்டு வரியில் முடிய வேண்டியது கட்டாக வந்தது. அதைத் தனலட்சுமி அக்கா பின் அடித்து அவர் மகள் கையில் கொடுத்திருக்கிறார். காகிதத்தின் கனத்தைப் பார்த்ததுமே அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவுக்கு இவ்வளவு வியாதியா என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் வடையைத் தின்றுகொண்டிருந்த பெரியவர் அதைப் பாதியிலேயே வைத்துவிட்டார்.

டாக்டர் வந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஆங்கிலமும் எண்ணும் புள்ளியுமாகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் சர்க்கரை அளவு நார்மல் என்று இருந்தது. அவர் பெரியவரைத் தட்டிக்கொடுத்து "வடையச் சாப்பிடுங்க" என்றார். பிறகு கட்டை என் முன்னால் நீட்டினார்:

"இந்த மெயில் எந்தெந்த ஸ்டாப்ல நின்னு வந்துச்சுன்னு எனக்கு எதுக்கும்மா? நான் என்ன கண்டக்டரா?"

பெட்டிக்குப் பெயர்

தலையைக் கத்தரிக்க மெயிலுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வேலை பெட்டிகள். வந்த மெயிலெல்லாம் ஒரே இடத்தில் குவிந்தால் தேடுவது கஷ்டம் என்று லேபுக்கு ஒரு பெட்டி, மருந்துக் கம்பெனிக்கு ஒரு பெட்டி, குப்பைக்கு ஒரு பெட்டி என்று செய்து வைத்தேன். இதில் ஒரு விஷயம் முக்கியம். இந்த மெயிலில் எந்தப் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறோமோ அதற்குள் மட்டும்தான் தேடும். பக்கத்துப் பெட்டியில் இருப்பதைக் கண்டுகொள்ளாது. புதுப் பெட்டி எப்படித் திறப்பது என்று தனலட்சுமி அக்காவுக்கு நானே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தேன். அக்கா ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். சந்தோஷமாக இருந்தது.

இரண்டொரு நாள் கழித்துப் பார்த்தால் ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் நான் செய்யாத ஒரு பெட்டி இருக்கிறது. பெயர் 'அப்புறம்'. இது என்னக்கா என்றேன். அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார். காலையில் கவுன்டரில் கொடுக்கிற முதல் ரிப்போர்ட் நல்லதாக இருக்க வேண்டுமாம், கடையில் முதல் போணி மாதிரி. முதல் காகிதமே கெட்டதாகப் போனால் அன்றைக்கு முழுவதும் அப்படியே வருமாம். அதனால் கெட்ட ரிப்போர்ட் எது வந்தாலும் அக்கா அதை 'அப்புறம்' பெட்டியில் போட்டுவிடுவார். ஒரு நல்ல ரிப்போர்ட் போன பிறகு, அந்த வீட்டு ஆள் துணைக்கு ஒருத்தரோடு வந்த பிறகு, சாப்பிட்டார்களா என்று கேட்ட பிறகு, அதை எடுத்து டாக்டரிடம் கொடுத்து, அவர்களையும் உள்ளே அனுப்புவார்.

எனக்குச் சுறுசுறுவென்று ஏறியது. இது ஆஸ்பத்திரியா ஜோசியக் கடையா என்று கேட்டேன். ரிப்போர்ட் வந்ததும் போய்ச் சேர வேண்டும், அதற்குத்தானே மெயில் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். டாக்டரிடம் சொல்லிவிடுவேன் என்றும் மிரட்டினேன். அக்கா நான் முடிக்கிற வரை காத்திருந்தார். பிறகு கோபமே இல்லாமல் சொன்னார்:

"நீ கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க. அதக் கையில வாங்குறவுக மொகத்த நான்ல பாக்கணும்."

டாக்டரிடம் நான் சொல்லவில்லை.

காது குத்து

வியாழக்கிழமை. தனலட்சுமி அக்காவின் தங்கை பேரனுக்கு மறுநாள் பொன்னமராவதியில் காது குத்து. மத்தியானம் மூன்று மணிக்கே வேன் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. அக்கா அரக்கப்பரக்கப் பையைத் தூக்கிக்கொண்டு, மல்லிகைப்பூவை வாயில் கவ்விக்கொண்டு தலையை முடிந்தபடி ஓடினார். வெள்ளிக்கிழமைக்கு ரிசப்ஷன் என் தலையில் விழுந்தது.

செல்லத்துரை அண்ணன் அப்போது ஆஸ்பத்திரியில் இல்லை. மனைவியைக் கூட்டிவர ஊருக்குப் போயிருந்தார். காலையில் ஆபரேஷன் என்றால் முந்தின நாளே சேர்க்க வேண்டும். இருட்டுவதற்குள் இருவரும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ராஜேஸ்வரி அக்காவை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். கழுத்தை மறைத்துச் சேலைத் தலைப்பைச் சுற்றியிருந்தார். அதிகம் பேசவில்லை. சிரித்தார். நான் லேப் பெட்டியைத் திறந்து பார்த்தேன், வந்த மெயில்களில் பார்த்தேன், அவர் பெயரைப் போட்டுத் தேடினேன். இல்லை. காலையில் வந்துவிடும் என்று சொன்னேன். அப்படித்தான் நானும் நம்பினேன்.

செல்லத்துரை அண்ணன் தலையாட்டினார். ஆனால் அவர் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்:

"வந்துட்டு, எங்ககிட்டச் சொல்ல மாட்டாம இல்லயே சிஸ்டம்மா?"

வெள்ளிக்கிழமை

மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் எங்களுக்கென்று தனியாகக் கிடையாது. வாரத்துக்கு ஒரு நாள் திருச்சியிலிருந்து காரில் வருவார், மத்தியானத்துக்கு மேல் வேறு ஆஸ்பத்திரி. பதினோரு மணிக்குள் தியேட்டருக்குள் கொண்டுபோனால் உண்டு, இல்லையென்றால் அடுத்த வெள்ளிக்கிழமை. ரிப்போர்ட் காகிதம் கண்ணில் படாமல் பெரிய டாக்டர் கத்தியைத் தொட மாட்டார். ராஜேஸ்வரி அக்கா முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் பச்சை கவுனைப் போட்டுக்கொண்டு வார்டில் உட்கார்ந்திருக்கிறார்.

காலையில் வந்ததும் மெயிலைத் திறந்தேன். இல்லை. லேபுக்குப் போன் போட்டேன். போனை எடுத்த பெண் நேற்று மத்தியானமே அனுப்பியாகிவிட்டது என்றாள். மறுபடி அனுப்ப வேண்டுமானால் அவர்கள் டாக்டரம்மா ஒப்புதல் கொடுக்க வேண்டும், டாக்டரம்மா சாயங்காலம்தான் வருவாராம். போனில் படித்தாவது சொல்லம்மா என்று கெஞ்சினேன். போனில் சொல்லக் கூடாதுங்க என்று வைத்துவிட்டாள். சர்வரில் பார்த்தேன். அந்தப் பெண் சொன்னது நிஜம்தான். முந்தின நாள் மத்தியானம் இரண்டு மணி வாக்கில் மெயில் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதன் பிறகு ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் யாரோ அதை எடுத்து எங்கேயோ வைத்திருக்கிறார்கள்.

தனலட்சுமி அக்காவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. காது குத்து வீட்டில் மேளச் சத்தத்துக்கு நடுவில் கைப்பைக்குள் கிடக்கிற போன் யாருக்குக் கேட்கும்? மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான்.

செல்லத்துரை அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அன்று அவருக்கு லீவு, ஆனாலும் காக்கிச் சட்டைதான் போட்டிருந்தார். அந்தச் சட்டை இல்லாமல் இந்த ஆஸ்பத்திரிக்குள் எப்படி நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை போல. நான் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தேன். லேப் பெட்டி. மருந்துக் கம்பெனிப் பெட்டி. அனுப்பிய மெயில்கள். குப்பைப் பெட்டி. ஒவ்வொன்றிலும் ராஜேஸ்வரி என்று அடித்துத் தேடினேன். ஒவ்வொரு தடவையும் 'கிடைக்கவில்லை' என்று அடியில் ஒரு வரி வந்தது. குப்பைப் பெட்டியில் இரண்டாவது தடவை தேடினேன். டாக்டர் மறைத்த மாதிரி எதுவும் மறைந்திருக்கிறதா என்று அதையும் பார்த்தேன். தியேட்டர் நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கடிகாரம் பத்தைத் தாண்டியிருந்தது.

மிச்சம் ஒரே ஒரு பெட்டி. பட்டியலில் முதல் பெயரே அதுதான். முதலிலிருந்தே என் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் என்ன மாதிரி ரிப்போர்ட் போகும் என்று எனக்குத் தெரியும். அதில் இல்லாமல் இருக்க வேண்டும், அதைத் திறக்காமலேயே இந்தக் காலை முடிந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் நான் குப்பையை இரண்டு தரம் கிளறினேன். ஜோசியக் கடை என்று பிரசங்கம் செய்தவள், ஒரு கருப்புத் திரையில் ஒரு பெயரைப் பார்த்துப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது:

"மேல இருக்க அந்த ஒரு பொட்டிய மட்டும் ஏம்மா தொறக்க மாட்டேங்குறீங்க?"

அந்த ஒரு பெட்டி

திறந்தேன். சில மெயில்கள்தான் இருந்தன. ராஜேஸ்வரி என்ற பெயர் நடுவில் இருந்தது. தேட வேண்டிய அவசியமே இல்லை.

இந்த மெயிலில் ஒன்றைப் படிக்காமலேயே பட்டியலில் இருந்தபடி பிரிண்ட் எடுக்கலாம். படிக்க எனக்குத் தைரியமில்லை, பிரிண்ட் எழுத்தை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். கேப்ஸ் லாக் விழுந்திருக்கிறது, பெரிய எழுத்துக்கு இந்த மெயில் மசியாது. அதை எடுத்துவிட்டு அமுக்கினேன். பிரிண்டர் ஒரு முனகு முனகிவிட்டு ஒரே ஒரு காகிதத்தைத் தள்ளியது. தலை கத்தரித்த, சின்னக் காகிதம். நான் அதை எழுத்துப் பக்கம் உள்ளே இருக்குமாறு மடித்துக்கொண்டு வார்டுக்கு நடந்தேன். செல்லத்துரை அண்ணன் கூடவே வந்தார். "வந்துருச்சா?" என்றார். வந்துவிட்டது என்றேன். என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ, வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பெரிய டாக்டர் காகிதத்தைப் பிரித்துப் படித்தார். மனிதர் எதையும் மெதுவாகத்தான் படிப்பார். அன்று அதைவிட மெதுவாகப் படித்த மாதிரி இருந்தது. பிறகு நிமிர்ந்து, "வெறும் கட்டிதான். வேற ஒண்ணுமே இல்ல. இதுக்கா இவ்வளவு நேரம்?" என்றார். எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அந்தப் பெட்டியிலிருந்து நல்ல ரிப்போர்ட் வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. செல்லத்துரை அண்ணன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். அவர் அழுததை நாங்கள் யாரும் பார்க்காத மாதிரி நின்றோம். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மயக்க மருந்து டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "வாங்க, டைம் இருக்கு" என்றார். ஸ்ட்ரெச்சர் வந்தது. அப்போதுதான் செல்லத்துரை அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். மணி பத்தரையைத் தாண்டியிருந்தது. "சார்," என்று இழுத்தார். "வெள்ளிக்கெழம பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பிச்சிருச்சே. பன்னெண்டு அடிச்சதும் வச்சுக்கிடலாமுங்களா?"

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வேன்? காலையிலிருந்து அந்த நாற்காலியில் நான் செத்துப் பிழைத்ததெல்லாம் எதற்காக? பன்னிரண்டு மணிக்கு அந்த டாக்டர் திருச்சி ரோட்டில் கீரனூரைத் தாண்டியிருப்பார் என்று கத்தினேன். டாக்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டார் சம்மதம் இல்லாமல் அவர்கள் தொட மாட்டார்கள். நர்ஸ் ஸ்ட்ரெச்சரைப் பிடித்தபடி நின்றாள். யாரும் அசையவில்லை. அசைந்தது ராஜேஸ்வரி அக்காதான். கட்டிலை விட்டு இறங்கி, கழுத்தில் இருந்த தாலியைக் கழற்றிப் புருஷன் கையில் வைத்தார். ஸ்ட்ரெச்சரை ஒதுக்கிவிட்டு, தியேட்டர் வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார்:

"இத்தன நாளா நான் பயந்துக்கிட்டுக் கெடந்தேனே, அது என்ன காலமாம்? அதவிடவா இந்த ராகுகாலம் என்னையப் பண்ணிரப் போவுது? நீங்க இங்கிட்டே உக்காருங்க, நான் போயிட்டு வாரேன்."

திரும்பி வந்த போன்

சாயங்காலம், ராஜேஸ்வரி அக்கா கண் விழித்து ஸ்பூனில் தண்ணீர் கேட்டபிறகு, தனலட்சுமி அக்காவின் போன் வந்தது. பின்னால் இன்னும் மேளம் ஓய்ந்தபாடில்லை. இவ்வளவு தடவை கூப்பிட்டிருக்கியே என்ன விஷயம் என்றார். நான் ஆரம்பித்தேன். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். கெட்ட ரிப்போர்ட் போடுகிற பெட்டியில் நல்ல ரிப்போர்ட் எப்படிப் போனது, அதைப் பார்த்துவிட்டு அந்த மனுஷன் முன்னால் நான் என்ன பாடுபட்டேன் என்று கேட்டேன்.

அக்கா மேளச் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்தார். பிறகு சொன்னார். அந்த மெயில் வந்தபோது வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகுகாலம். கடைசி வரியைப் படித்துப் பார்த்திருக்கிறார், நல்லதாக இருந்திருக்கிறது. இவ்வளவு நல்ல சேதியை அந்த நேரத்தில் போய்ப் பிரிண்ட் எடுக்கலாமா? நல்லது நிலைக்க வேண்டாமா? மூன்று அடித்ததும் எடுத்துச் செல்லத்துரை வரும்போது கையில் கொடுக்கலாம் என்று பத்திரமாக 'அப்புறம்' பெட்டியில் வைத்திருக்கிறார். மூன்று அடித்தது, வேன் ஹாரனும் அடித்தது. "அய்யய்யோ, ராஜேஸ்வரிப் புள்ள பயந்துருச்சா?" என்று அவர் குரல் உடைந்தது. எனக்கும் கோபம் பாதியாகிவிட்டது. சரி, போகட்டும் அக்கா, ஆபரேஷன் ராகுகாலத்தில்தான் நடந்தது, நடந்தும் எல்லாம் நல்லபடியாக முடிந்தது, இனியாவது திருந்துங்கள் என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு தனலட்சுமி அக்கா தெம்பாகச் சொன்னார்:

"பாத்தியா? அந்தக் காயிதத்த நேத்து ராகுகாலத்துல நான் கையில குடுக்காமப் போனதுனாலதான், இன்னிக்கு ராகுகாலம் அந்தப் புள்ளைய ஒண்ணும் பண்ணல."

சக பாவிகளே, அன்று சாயங்காலமே அந்தப் பெட்டியில் மிச்சம் இருந்ததையெல்லாம் அச்சடித்து டாக்டர் மேஜையில் வைத்துவிட்டுப் பெட்டியை அடியோடு அழித்தேன், திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் 'பொறவு' என்று ஒரு புதுப் பெட்டி இருந்தது.